ஆறரை கேத்தி

எந்தக் கம்பெனியும் போடாத தோட்டாவுக்குக்
காட்டுப்பூனை என்று பெயராம்.
கிரிஜா பெள்ளி சொன்னபோது
லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.
முந்தின ராத்திரிதான் ஒன்று
பட்டறைக் கூரையில் இறங்கி
என் கருவாட்டுப் பொட்டலத்தோடு போயிருந்தது.

அவள் சிரிக்கவில்லை.
தாளை விரித்து
மூலைக்கொரு நட்டு வைத்தாள்.
முந்நூற்றெட்டின் பித்தளைக் கூடு.
கழுத்தை ஆறரை மில்லிக்கு இறுக்கி,
தோளைப் பின்னுக்குத் தள்ளி,
உடம்பின் சரிவை நிமிர்த்தியிருந்தாள்.
ஆயிரம் கஜம், என்றாள்.
வேறு விளக்கம் இல்லை.

பெட்டட்டியில் எனக்கு வருவதெல்லாம்
தேயிலை ஆலையின் ரோலர் தண்டு,
பல் உதிர்ந்த சக்கரம்,
மினி பஸ்ஸின் புஷ்.
ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால்
சுத்தியலால் தட்டி உட்காரவைப்பேன்.
இவள் கேட்டது
நூலை நூறாகக் கிழித்ததில் ஒன்று.

தோளுக்கு முப்பது டிகிரி போதும் என்றேன்,
வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.
நாற்பது, என்றாள்.
மருந்து கழுத்துக்கு ஓடாமல்
தோளில் முட்டி அங்கேயே எரியணும்.
அது நிஜமா என்று
அவளுக்கும் தெரியாது, கேட்டுவிட்டேன்.
மூன்று வாரம் அந்தப் பத்து டிகிரியில்
டீ ஆறிக்கொண்டே இருந்தது.

ரீமரை நான் கடைந்தேன்.
குழலைத் தொட லைசென்ஸ் உள்ளவர்
கோவையில் இருந்தார்.
உதகையிலிருந்து காகிதம் வரப் பதினோரு மாதம்.
அதுவரை மருந்தில்லாத பொம்மை ஒன்று
என் மேசையில் நின்றது.
பேர் வைக்கணுமே என்றாள்.
ஜன்னலில் கேத்திப் பள்ளத்தாக்கு
கேரட் வயலும் மேகமுமாகக் கிடந்தது.
அவள் எழுதிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.
என்னதான் நாம் இறுக்கினாலும்
கூடு பாதி உருவம்தானாம்.
அறைக்குள் முதல் தடவை வெடிக்கும்போதுதான்
பித்தளை ஊதிச் சுவரில் ஒட்டி
தன் தோளைத் தானே கண்டுகொள்கிறது.
அந்த முதல் குண்டு
எங்கே போனாலும் கணக்கில்லை.

இன்னொன்று பிடிக்கவில்லை.
ஆறாயிரம் அடியில் காற்று மெலிசு.
இங்கே நடுவில் பட்டது
போட்டி நடக்கும் சமவெளியில்
இரண்டடி கீழே விழும்.
அப்புறம் எதற்கு இங்கே சுடணும்?
என் வீடு இங்கே இருக்கு, என்றாள்.

சுடுதளத்தை ஞாயிறு
எட்டிலிருந்து பத்து வரை தந்தார்கள்.
எட்டுக்கு மூட்டம்.
எட்டே முக்காலுக்கு இன்னும் மூட்டம்.
ஒன்பதேகாலுக்குத் திரை விலகினால்
இலக்குப் பலகைக்கு முன்னால்
காட்டெருமை ஒன்று, நிதானமாக,
கவர்மெண்ட் புல்லைத் தின்றுகொண்டு.
கிரிஜா பாயில் குப்புறப் படுத்தபடி
போல்ட்டைத் திறந்து வைத்தாள்.
யாரும் விசில் அடிக்கவில்லை.
முப்பத்தாறு நிமிஷம்.
அது கடைசியில் சாணி போட்டுவிட்டுப் போனது.

மிச்சமிருந்த ஒன்பது நிமிஷத்தில் ஐந்து.
ஒவ்வொன்றுக்கும் நடுவில்
அவள் யூகலிப்டஸ் நுனியைப் பார்த்தாள்,
நான் கைக்கடிகாரத்தை.
நாலாவதுக்குப் பின் மூட்டம்
கீழேயிருந்து ஏறி வந்தது.
ஐந்தாவதை
பலகையின் சாம்பல் நிழலைப் பார்த்துச் சுட்டாள்.

வயர்லெஸ்ஸில் சிப்பாய் சொன்னான்:
நாலு இருக்கு மேடம்.
ஒரு டீ சாசரால் மூடிவிடலாம்.
அஞ்சாவது தெரியலை.

ஒரே ஓட்டையில் இரண்டு போயிருக்கும்
என்கிறாள் அவள்.
அடுத்த மலைக்குப் போயிருக்கும்
என்கிறேன் நான்.
மண்மேட்டைத் தோண்டிப் பார்க்க
அனுமதி இல்லை.

நேற்று தாளோடு மறுபடி வந்தாள்.
நாற்பதை அடித்து
முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தது.
நான் முப்பத்திநாலுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பொம்மைத் தோட்டா
கரண்டு பில்லின் மேல் நிற்கிறது.
ராத்திரி அது உருண்டு விழுந்த சத்தம் கேட்டது.
எழுந்திருக்கவில்லை.
கருவாட்டை இப்போது
மூடி உள்ள டப்பாவில் வைக்கிறேன்.